இரங்கலும் இருத்தலும்



கடந்துபோன துன்பங்களை விடுத்து வருங்காலத்தில் கருத்தூன்றுவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். இதனைப் பொதுப்படப் பேசுவது எளிது. அறநூல் எதனைப் புரட்டினாலும் அறிவுரை கிடைக்கும். கேட்டுத் தலையசைத்துவிட்டு வீடு திரும்பலாம். அதற்காக ஆசிரியர்களை விடுமுறை நாளில் இங்கு அழைத்து அமர்த்துவது முறையன்று. ஆதலால் நம் எல்லாருக்கும் உரிய ஒரு துன்பத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்த கதை அது. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் தமிழ் தொடர்பான கூட்டங்களில் பேச்சு எங்குத் தொடங்கினாலும், சுற்றிச் சுற்றி அந்த மூடிய கதவின் முன் வந்து நிற்பதை நாம் காண்கிறோம்.

கழிவிரக்கம் என்றொரு சொல் நம் மொழியில் உண்டு. கழிந்துபோனதற்கு இரங்குவது என்பது அதன் நேர்ப்பொருள். இக்காலத்தில் தன்னிரக்கம் என்னும் பொருளிலும் அதனை வழங்குகின்றனர். பொருள் அவ்வாறு நகர்ந்ததில் வியப்பில்லை. ஒன்றை இழந்ததற்காக நெடுங்காலம் இரங்கிக்கொண்டிருப்பவர், ஒரு கட்டத்தில் இழந்த பொருளை மறந்து தம்மை எண்ணியே இரங்கத் தொடங்கிவிடுகிறார். தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிய நம் பேச்சு அந்தக் கட்டத்தை எட்டிவிட்டதோ என்னும் ஐயமே இவ்வுரைக்குக் காரணம்.

முதலில், இழந்தது யாது என்பதைத் தெளிவாகக் கூறிவிடுவோம். இங்குள்ள மாணவர்களில் பலர், தமிழ்ப் பள்ளி என்றால் தமிழைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளி என்று எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு பார்த்தால் இன்று உங்கள் பள்ளியும் ஓரளவு தமிழ்ப் பள்ளிதான். தமிழ்ப் பள்ளி என்பது அதனினும் வேறு. அங்குக் கணக்கும் தமிழில், அறிவியலும் தமிழில், வரலாறும் புவியியலும் தமிழில். தலைமையாசிரியரின் கண்டிப்பும் தமிழில்; விளையாட்டுத் திடலில் பந்துக்காக நடக்கும் சண்டையும் தமிழில். காலை முதல் பள்ளி முடியும் வரை அம்மொழி பிள்ளையைச் சுற்றி இருந்தது. பின்னங்களைக் கூட்டும்போதும், இலையின் பகுதிகளைப் படம் வரைந்து பெயரிடும்போதும் பிள்ளை தன்னை அறியாமலே தமிழைக் கற்றுக்கொண்டிருந்தது.

இத்தகைய பள்ளிகளைத் தொடங்கியோர் பெருஞ்செல்வர் அல்லர். இராமகிருஷ்ண மிஷன் போன்ற அமைப்புகள் சில பள்ளிகளை நடத்தின. செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கெனச் சில பள்ளிகள் இருந்தன. உமறுப் புலவர் பள்ளியின் தொடக்கம் தனியே சொல்லத் தக்கது. தமிழ்நாட்டின் கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள், தங்கள் சங்கமான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கின் வாயிலாக அப்பள்ளியை 1946இல் நிறுவினர். அந்த ஆண்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஜப்பானிய ஆட்சி 1945இன் பிற்பகுதியில்தான் முடிந்திருந்தது. மூன்றரை ஆண்டுப் பசியும் அச்சமும் எல்லா வீடுகளிலும் இருந்தன. சயாம் ரயில் பாதைக்குச் சென்றோரில் திரும்பாதவரை எண்ணி அழுதுகொண்டிருந்த குடும்பங்கள் தீபகற்பம் எங்கும் இருந்தன. அரிசி பங்கீட்டில் கிடைத்த அந்தக் காலத்தில் அம்மக்கள் கட்ட நினைத்தது ஒரு பள்ளியை. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

அப்பள்ளி மறைந்ததற்கு நாம் பெருமூச்சு விடுகிறோம். அப்பள்ளி தோன்றிய காலத்தில் பெருமூச்சு விடுவதற்கு இதனினும் மிகுந்த காரணங்கள் இருந்தன என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இனி, முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். இங்கேதான் கதை பலவாறாகத் திரித்துச் சொல்லப்படுகிறது. ஒருநாள் ஓர் ஆணை வந்ததாகவும், அன்றே தமிழ்ப் பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டதாகவும் எண்ணுவோர் உளர். நடந்தது அதுவன்று. 1956இல் வெளிவந்த அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிவழிக் கல்விக்கும் சம மதிப்பளிக்க வேண்டும் என்றது. 1965இல் நாடு தனித்து நின்றபோது தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. இரண்டாம் மொழி 1960இல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயமாயிற்று. ஏட்டளவில் பார்த்தால் தமிழ்வழிக் கல்விக்குக் கதவு திறந்தே இருந்தது. அக்கதவின் வழியே நுழையும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் ஆண்டுதோறும் குறைந்தது.

குறைத்தவர் யார்? பெற்றோர். ஏன் குறைத்தனர்? துறைமுகத்திலும் நகராண்மைக் கழகப் பணிகளிலும் உடல் தேய உழைத்தவர்கள் அவர்கள். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னே அமர்ந்திருந்தவர் ஆங்கிலம் படித்தவர் என்பதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். தம் பிள்ளை அந்த மேசைக்குப் பின்னே அமர வேண்டும் என்று விரும்பினர். அதனைத் துரோகம் என்று சொல்லும் உரிமை, இன்று குளிரூட்டிய அரங்கில் அமர்ந்திருக்கும் நம் எவர்க்கும் இல்லை. பிரித்தானியப் படைகள் 1971இல் வெளியேறியபோது தளத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்தியாவுக்குத் திரும்பின. அவர்களோடு அவ்வட்டாரப் பள்ளிகளின் மாணவரும் சென்றுவிட்டனர். இதே காற்று பிற மொழிவழிப் பள்ளிகளையும் அசைத்தது. சீன சமூகம் தன் கைப்பொருளைத் திரட்டிக் கட்டிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. எண்ணிக்கையில் பெரும்பான்மையரான அவர்களுக்கே அவ்வாறு நேர்ந்தது. 1987இல் நாட்டின் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி என்னும் நிலை வந்தது. அப்போது மூடுவதற்குத் தமிழ்ப் பள்ளி எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இதனை இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு துன்பத்தை விடுவதற்கு முன் அதன் வடிவத்தைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். வில்லன் ஒருவன் இருக்கும் கதையை மனிதர் எளிதில் விடுவதில்லை. அவனை ஏசுவதிலேயே ஒரு சுவை கண்டுவிடுகிறோம். இக்கதையில் வில்லன் இல்லை. பிழைப்புக்கு வழி தேடிய பெற்றோர் இருக்கின்றனர். சிறிய தீவு ஒன்றை நடத்த வேண்டிய அரசு இருக்கிறது. நம் விருப்பத்தைக் கேளாமல் மாறிய ஓர் உலகம் இருக்கிறது.

கடற்பாலத்திற்கு அப்பால் மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. நம் பெருமூச்சுக்கு இவ்வொப்பீடும் ஒரு காரணம். அங்கும் தோட்டங்கள் மறைந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், மாணவரின்றி மெலிந்த பள்ளிகள் பல. அவர்களுக்கு அவர்களுடைய கவலைகள். நாம் பார்த்து ஏங்குவதற்காக அவர்கள் பள்ளி நடத்தவில்லை.

துன்பத்தை விட்டுவிடுங்கள் என்று எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்லிவிட முடியாது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வெளிவந்து, ஆங்கிலம் போதாமையால் வேலைக்கு அலைந்தவர்கள் உண்டு. நேற்றுவரை அறிவியலும் கணக்கும் கற்பித்துவிட்டு, பள்ளி மூடியபின் வேறோரிடத்தில் புதியவராய்த் தொடங்க வேண்டியிருந்த ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் இழந்தது தம் வாழ்வின் ஒரு பகுதியை. அதனை மற என்று சொல்வது பண்பாகாது. அவர்கள் பேச விரும்பினால் நாம் கேட்க வேண்டும். பலமுறை சொன்னாலும் கேட்க வேண்டும். எப்போது இறக்கிவைப்பது என்பதை அச்சுமையைச் சுமந்தவர்தாம் முடிவு செய்வர்.

ஆனால் இன்று மேடைகளில் மிக உரக்க இரங்குபவர் பெரும்பாலும் அவர்கள் அல்லர். அப்பள்ளிகளில் ஒருநாளும் அமராத நம்மைப் போன்றவர்களே. இழந்தவரின் துயரத்தை மரபுரிமைச் சொத்தாகப் பெற்றுக்கொண்டு, அதனைக் கூட்டத்திற்குக் கூட்டம் எடுத்துச் செல்கிறோம். இரண்டு மணி நேரக் கலந்துரையாடலில் முதல் ஒரு மணி நேரம் பழம்பெருமையிலும் பழந்துயரிலும் கழியும், தேநீர் வரும், அடுத்த ஆண்டுக்கான திட்டத்தைப் பேச இருபது நிமிடம் எஞ்சும். இதனைக் குறையாகக் கூறவில்லை; நடப்பைக் கூறுகிறோம். தேநீர் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

பெரியவர்கள் தமக்குள் இரங்கிக்கொள்வதால் விளையும் கேடு சிறிது. அவ்விரக்கம் வகுப்பறைக்குள் நுழையும்போதுதான் பெருங்கேடு தொடங்குகிறது.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு சிறுமியை எண்ணிக்கொள்வோம். வீட்டில் தாயும் தந்தையும் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். பாட்டியிடம் மட்டும் தமிழ். திங்கட்கிழமைக் காலையில் அவள் ஓடிவந்து, "டீச்சர், எங்க வீட்டுக்குப் பாட்டி வந்துச்சு" என்கிறாள். அவளே விரும்பி, எவரும் கேளாமல், தமிழில் சொன்ன செய்தி அது. "பாட்டி வந்துச்சு என்று சொல்லலாமா? பாட்டி வந்தார் என்று சொல்" என்கிறோம். அவள் திருத்திச் சொல்கிறாள். "வீட்டுக்கு வந்தார்" என்று முழுத் தொடராகச் சொல்லச் சொல்கிறோம். சொல்கிறாள். பாட்டி ஏன் வந்தார், என்ன கொண்டுவந்தார் என்பதைச் சொல்லத்தான் அவள் வந்தாள். அதைச் சொல்லாமலே போய் அமர்கிறாள். ஆண்டு முழுவதும் இவ்வாறு நடந்தால், அவள் தமிழில் செய்தி சொல்ல வருவதையே நிறுத்திவிடுவாள்.

அவளைத் திருத்தும்போது நம் மனத்தில் இருக்கும் அளவுகோல் எது? முழுநாளும் தமிழில் மூழ்கியிருந்த பழைய பள்ளிப் பிள்ளையே அந்த அளவுகோல். "அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள், எப்படி எழுதினார்கள்!" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்கிறோம். சில நேரங்களில் பிள்ளைகள் காதிலும் விழும்படி சொல்கிறோம். வயலில் விளைந்த நெல்லையும் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையையும் ஒரே தராசில் வைப்பது போன்றது இது. தொட்டியில் இருப்பதற்கு மண் சிறிது, வெயில் சிறிது. அது தழைத்திருக்கிறதென்றால், நாள்தோறும் எவரோ தண்ணீர் ஊற்றுகிறார் என்று பொருள். சிறுமியைப் பொறுத்தவரை அந்தப் பாட்டிதான் தண்ணீர் ஊற்றுபவர். அவர் வந்த செய்தியைத்தான் நாம் இலக்கணத்தால் நிறுத்திவிட்டோம்.

2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்று அதனை எதிர்த்துப் பேசியவர் பலர். செந்தமிழ் கெடும் என்று அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பழைய காலத்தை முன்னிறுத்திய அச்சம். பழைய தமிழ்ப் பள்ளிப் பிள்ளை வீட்டிலிருந்தே பேச்சுத்தமிழைக் கொண்டுவந்தது. பள்ளி அதன்மேல் எழுத்துத்தமிழைக் கட்டியது. இன்றைய பிள்ளைக்கு அடித்தளத்தையும் நாமே இட வேண்டியிருக்கிறது. "பாட்டி வந்துச்சு" என்பதற்கு, "ஓ, பாட்டி வந்தாங்களா? என்ன கொண்டு வந்தாங்க?" என்று திரும்பக் கேட்டால் போதும். மரியாதை வடிவம் அவள் காதில் விழுந்துவிடும், செய்தியும் நிற்காது. "வந்தார்" என்பதை மறுநாள் கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. தமிழைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் எந்தத் தொனியில் பேசுகிறோம் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். மறைகிறது, குறைகிறது, காக்க வேண்டும், அழியவிடக் கூடாது. பதினான்கு வயது மாணவன் இவற்றைக் கேட்டு என்ன நினைப்பான்? தான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய ஓர் இழப்புக்குத் தன்னிடம் கணக்குக் கேட்கிறார்கள் என்று நினைப்பான். நோயாளியைப் பார்க்க உறவினர் வற்புறுத்தி அழைத்துச் செல்லும் பிள்ளையைப் போல, கடமைக்கு வந்து ஓரமாய் நின்றுவிட்டுப் போவான். தேர்வு முடிந்ததும் போய்விடுவான். அவன் இழந்தது எதுவுமில்லை. அவனிடம் ஏதேனும் இருக்கிறதென்றால் அது அவன் பெற்றது: வாரத்தில் சில பாடவேளைகள், ஒரு பாட்டி, சில பாடல்கள், திரைப்பட வசனங்கள், நண்பர்களோடு கலந்து பேசும் கலப்புத்தமிழ். அங்கிருந்து அவனுக்குக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் கூடியிருக்கும் அவையில் இதனைத் திணை மரபால் சொல்லிவிடலாம். நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருள் இரங்கல். முல்லை நிலத்திற்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தற் பாட்டில் எற்பாட்டு நேரம். பொழுது சாய்கிறது, கடல் ஓயாது ஒலிக்கிறது, பிரிந்தவரை நினைந்து உள்ளம் உடைகிறது. முல்லையிலும் பிரிவு உண்டு. போருக்குச் சென்றவன் இன்னும் வரவில்லை. கார் காலமோ வந்துவிட்டது. ஆயினும் அவள் இருக்கிறாள். இருத்தல் என்பதற்கு வெறுமனே காத்துக் கிடத்தல் என்று பொருள் கொள்ளலாகாது. துயரை ஆற்றிக்கொண்டு, இல்லத்திலிருந்து அறங்களைச் செய்துவருவதையே உரை மரபு இருத்தல் என விளக்குகிறது. விளக்கேற்ற வேண்டும், விருந்து வந்தால் ஓம்ப வேண்டும். வருபவன் வரும்போது இல்லம் இல்லமாக இருக்க வேண்டும். நாம் தீவில் வாழ்பவர்கள் என்பதாலோ என்னவோ, நெய்தலிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டோம். முல்லைக்குப் போவதற்குக் கடலைத் தாண்ட வேண்டியதில்லை. அன்றைய வேலையைத் தொடங்கினால் போதும்.

அவ்வாறு வேலையைத் தொடங்கியவர்கள் நம்மிடையே இருந்தனர். கோ. சாரங்கபாணியைத் தமிழவேள் என்று போற்றுகிறோம்; அவர் பெயரால் விழாக்கள் எடுக்கிறோம். அவர் வாழ்ந்த காலம் எத்தனை கலக்கங்கள் நிறைந்தது என்பதையும் எண்ண வேண்டும். 1935இல் அவர் தொடங்கிய தமிழ் முரசு ஜப்பானியர் காலத்தில் நின்றுபோயிற்று. போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. 1952இல் சமய வேறுபாடுகளைக் கடந்து தமிழர் திருநாளைக் கொண்டாட வழிவகுத்தார். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்நாளில் தமிழர் பலரின் மனம் இரண்டு கரைகளுக்கிடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. சம்பாதிப்பது இங்கே, மனம் அங்கே. என்றாவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்னும் எண்ணம் பத்து, இருபது ஆண்டுகளாக உள்ளே இருந்தது. சாரங்கபாணி தம் ஏட்டின் வழியாகவும் நேரிலும் அவர்களை வற்புறுத்தினார்: குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள். விட்டுவந்த ஊரின் நினைவை அழித்துவிடும்படி அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் வாழப்போகும் ஊரில் கையொப்பமிடும்படி கேட்டார். இன்று நம் கையில் இருக்கும் இளஞ்சிவப்பு அடையாள அட்டைகளில் எத்தனையோ, அன்று தயங்கித் தயங்கி வரிசையில் நின்ற ஒரு தாத்தாவிடமிருந்து தொடங்கியவை.

பல்கலைக்கழகக் கதையும் அவ்வாறே. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழுக்கு முதன்மை கிடைக்க வேண்டும் என்று அவர் போராடினார். "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளரின் சிறு காசுகளும் அதில் சேர்ந்தன. துறை 1956இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கோலாலம்பூருக்குப் பெயர்ந்துவிட்டது. காசு கொடுத்தவர்கள் இங்கே, துறை அங்கே! இரங்குவதற்கு இது நல்ல வாய்ப்பாக இருந்திருக்கும். ஆயினும் அங்குப் பயின்றவர்கள் இரு கரையிலும் ஆசிரியர்களாயினர், எழுத்தாளர்களாயினர்.

அவர் ஏட்டில் 1950களில் தொடங்கிய மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஆசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றை அச்சில் ஏற்றிய பகுதி அது. தம் பெயரை அச்சில் கண்ட பிள்ளை மீண்டும் எழுதியது. பிற்காலத்தில் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்துலகில் பெயர் பெற்ற பலர் அங்கிருந்து வந்தவர்கள். அதற்குத் தமிழ்வழிப் பள்ளி தேவைப்படவில்லை. ஒரு பக்கமும், அதனைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுமையும் தேவைப்பட்டன. இன்று அச்சுத்தாளும் வேண்டியதில்லை. பள்ளிதோறும் மாதம் இருமுறை, மதிப்பெண் இடாமல், பிள்ளைகள் எழுதியதை எழுதியவாறே சுவரில் ஒட்டுவதற்கு என்ன தடை? பிழை இருக்கும். இருக்கட்டும். மதிப்பெண்ணுக்காக எழுதும் கட்டுரைகளில் அதனைத் திருத்த நமக்கு ஆண்டு முழுவதும் வாய்ப்பிருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். எண்களை மறைத்து ஊக்கமூட்டுவது நேர்மையாகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். இது இறக்கம்தான். அதனை ஏற்றம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அக்கணக்கெடுப்பே இன்னொன்றையும் காட்டுகிறது. வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோருள்ளும் பெரும்பாலோர் மற்றொரு மொழியையும் அவ்வீட்டிலேயே பேசுகின்றனர். அந்த இரண்டாம் இடம் நமக்கு முக்கியமானது. நாம் முதலிடத்தை இழந்ததற்கு அழுதுகொண்டிருக்கும்போது, இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் கவனிப்பாரின்றி எழுந்து போய்விடக்கூடும். பாலர் பள்ளிப் பிள்ளையின் பெற்றோரிடம், "வீட்டில் தமிழே பேசுங்கள்" என்று ஆணையிட்டால் அவர்கள் குற்றவுணர்வோடு தலையசைத்துவிட்டுச் செல்வர். இரவு உணவு நேரத்தில் மட்டும் தமிழ் என்றால் முயன்று பார்ப்பர்.

நம் கணிப்பில், பள்ளிகள் மூடியதனினும் பெரிய இடர் வேறோரிடத்தில் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் தமிழ் நின்றுவிடுகிறது. சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும், அல்லது தொடக்கக் கல்லூரியில் தாய்மொழித் தேர்வு முடிந்ததும், பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயின்ற மொழி ஒரே நாளில் அட்டவணையிலிருந்து மறைகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லும் மாணவர் அடுத்த சில ஆண்டுகளில் தமிழில் ஒரு பத்தி எழுதவும் தேவை நேர்வதில்லை. 1982ஐப் பற்றி நாம் எதுவும் செய்ய முடியாது. இதனைப் பற்றிச் செய்ய முடியும்.

மாணவர்களே, இங்கே உங்களிடம் நேராகப் பேச விரும்புகிறோம். நீங்கள் தமிழைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்க மாட்டோம். அது எவர் தோளுக்கும் பெரிய சுமை. தேர்வு முடிந்த அடுத்த மாதம் தமிழில் நீங்களாக ஒன்றைச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் பாதி படியுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிப்படைப் படைப் பயிற்சியில் இருக்கும்போது பாட்டிக்கு ஒரு குரற்செய்தி தமிழில் அனுப்புங்கள். நாடகம் பிடிக்குமானால் மேடையேறுங்கள். நிரல் எழுதத் தெரியுமானால் தமிழ் எழுத்துகளைக் கொண்டு ஒரு விளையாட்டை உருவாக்குங்கள். தமிழில் பட்டம் பெற விரும்புவோர்க்கு 2006 முதல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே வழி இருக்கிறது; கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை.

கடந்ததை விடுவது என்றால் அதனை எரித்துவிடுவது என்று எவரும் கொள்ளலாகாது. முறையாகப் பதிந்துவைக்கப்பட்ட பழமையைப் பற்றிப் புலம்ப வேண்டியதில்லை. தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நாட்டின் பொன்விழாவையொட்டி 2015இல், சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை தன்னார்வலர்களின் உழைப்பால் மின்வடிவம் பெற்று தேசிய நூலகத்தில் இடம்பெற்றன. வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தவர்களில் மாணவர்களும் இருந்தனர். தமிழ்ப் பள்ளிகளுக்கும் இத்தகைய வேலை ஒன்று நடந்தாக வேண்டும். 1982இல் பதினாறு வயதினராய் இருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டிய பருவத்தில் இருக்கின்றனர். அவர்களுக்குக் கற்பித்தவர்களோ எண்பதைக் கடந்திருப்பர். தமிழில் அறிவியல் பாடம் எவ்வாறு நடந்தது, அமிலத்திற்கும் காரத்திற்கும் என்ன சொல் வழங்கினார்கள், பள்ளிக்கு எந்தப் பேருந்தில் வந்தார்கள், மதிய உணவு என்ன விலை என்பனவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இவர்களே.

உமறுப் புலவரின் பெயர் அழியவில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். தம் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத மாணவர்கள் பிற்பகலில் சென்று பயிலும் தமிழ்மொழி நிலையம் அவர் பெயரைத் தாங்கி பீட்டி சாலையில் நடந்துவருகிறது. பள்ளி முடிந்து களைத்த முகத்தோடு, வேறு வேறு சீருடைகளில், முதுகில் கனத்த பையோடு பிள்ளைகள் அங்கே வந்து இறங்குகின்றனர். 1946இல் அப்பெயரைத் தேர்ந்தவர்கள் இக்காட்சியைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

இங்கு வந்திருக்கும் ஆசிரியர்கள், வரும் பள்ளித் தவணையில் மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து, பழைய தமிழ்ப் பள்ளி மாணவர் ஒருவரைச் சந்தித்து, அரைமணி நேரம் குரற்பதிவு செய்துவர ஏற்பாடு செய்யுங்கள். கேள்விகளைப் பிள்ளைகளே ஆயத்தம் செய்யட்டும். "அந்தக் காலம் போல வருமா?" என்று பெரியவர் தொடங்கினால், பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்று உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், ஐயா?" என்று அடுத்த கேள்விக்குச் செல்லப் பழக்குங்கள்.

நமக்குத் தரப்பட்ட நேரத்தில் இன்னும் கால்மணி எஞ்சியுள்ளது. அதனை வினாக்களுக்கு ஒதுக்குவோம். மாணவர்கள் முதலில் கேட்கட்டும். ஆசிரியர்கள் சற்றே காத்திருக்க வேண்டுகிறோம். ஒலிவாங்கி இரண்டாம் வரிசைக்கு வருகிறது. உங்களுக்கு எந்தத் தமிழ் வருகிறதோ அந்தத் தமிழிலேயே கேளுங்கள்.